381654729-இன் அறுபது பெருமைகள்

ஆகஸ்ட் 19

சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்துவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளி, முதுநிலை ஆசிரியர், கணிதம். செப்டம்பர் 22, சென்னை. எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அசல் இல்லாதவர் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

என் அசல்கள் என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.ஃபில். வரை எல்லாம் அன்னை பவுன்தாய் கலை அறிவியல் கல்லூரியின் பீரோவில் இருக்கின்றன. சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் இதுதான் வழக்கம். பருவத்தின் நடுவில் வாத்தியார் ஓடிவிடக் கூடாதாம். சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தால் யார் ஓடப்போகிறார்கள் என்று கேட்டால், கேட்டவளுக்கு மட்டும் சனிக்கிழமையும் வகுப்பு போடுவார்கள். கேட்டேன். போட்டார்கள்.

ஆகஸ்ட் 20

ஆபீஸ் சூப்பிரண்டு மேடம் பீரோச் சாவியைத் தாலிக்கொடியோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். தாளாளர் சொன்னால்தான் திறப்பாராம். தாளாளரைப் பார்க்கப் போனேன்.

தாளாளர் சீனிராஜ் முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவர். இப்போதும் மாணவர்களை ‘லோடு’ என்றுதான் சொல்கிறார். “இந்த வருசம் லோடு கம்மி.” மே மாத வெயிலில் கிராமம் கிராமமாகப் போய் அந்த லோடைப் பிடித்துவந்தது நாங்கள்.

அறையில் இன்னொருவர் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எண் ஞானி தவமணி. விரலுக்கு ஒரு கல் மோதிரம். செப்டம்பர் 12-ஆம் தேதி தாளாளருக்கு மணிவிழா. அதற்காகத் தவமணி ஓர் எண்ணைக் கணித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்பது கிரகத்துக்கும் ஆளுக்கொரு எண். குரு மூன்று, சனி எட்டு, சூரியன் ஒன்று என்று தாளாளரின் ஜாதகப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார். 381654729. கல்லூரி வாசல் வளைவில் கருங்கல்லில் இதைச் செதுக்கப்போகிறார்கள்.

“ஒன்பதால வகுத்தா மிச்சமே வராதும்மா” என்றார் தவமணி, ரகசியம் சொல்வதுபோல.

ஒன்று முதல் ஒன்பது வரை எந்த வரிசையில் எழுதினாலும் கூட்டினால் நாற்பத்தைந்துதான், எல்லாமே ஒன்பதால் வகுபடும், அப்படி மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது எண்கள் இருக்கின்றன என்று சொன்னேன். தவமணிக்கு வருத்தமில்லை. “பாத்தீங்களா, அத்தனை இருக்குறதுல இது ஒண்ணுதான் உங்களுக்கு வந்துருக்கு” என்று தாளாளரிடம் திரும்பிக்கொண்டார்.

தாளாளருக்கு என்னைப் பிடித்துவிட்டது. பேரம் இதுதான்: அறுபதாவது வயதுக்கு இந்த எண்ணின் அறுபது பெருமைகளைக் கணித ரீதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகமாகப் போட்டு விழாவில் வெளியிடுவார்கள். அதே மேடையில் என் சான்றிதழ்கள் என் கைக்கு வரும்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

ஆகஸ்ட் 21

துணி துவைத்தேன். ஒன்பது கிரகமும் நாசமாகப் போக.

ஆகஸ்ட் 24

விதி ஒன்று: பொய் எழுத மாட்டேன். பெருமை என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் எழுதுவது உண்மையாக இருக்கும்.

1. இது ஓர் ஒற்றைப்படை எண்.
2. இதில் பூஜ்யம் இல்லை.
3. ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரு முறை மட்டுமே வருகிறது.
4. முப்பத்தெட்டுக் கோடியைவிடப் பெரியது.
5. முப்பத்தொன்பது கோடியைவிடச் சிறியது.

அறைத் தோழி பெனினா எட்டிப் பார்த்தாள். வேதியியல். அவளுடைய சான்றிதழ்களும் அதே பீரோவில்தான், எனக்கும் கீழ்த்தட்டில். ஐந்தாவது பெருமையைப் படித்துவிட்டு, “இப்படியே போனா ஆறாவது, இது மாடு இல்லன்னு எழுதுவியா?” என்றாள்.

நல்ல யோசனைதான். ‘இது எதிர்மறை எண் அல்ல’ என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 27

முப்பத்திரண்டு பெருமைகள் ஆகிவிட்டன. இது வர்க்க எண் அல்ல, ஆனால் 567-ஐச் சேர்த்தால் 19536-இன் வர்க்கம் ஆகிவிடுகிறது. ஐந்து, ஆறு, ஏழு, வரிசையாக. இதைப் பார்த்ததும் ஒரு நொடி நன்றாக இருந்தது. தற்செயல். இதற்கெல்லாம் மகிழ்ந்தால் நானும் சோபாவில் சம்மணமிட வேண்டியதுதான்.

ஒற்றை இரட்டை ஒற்றை இரட்டை என்று மாறி மாறி வருகிறது. நட்டநடுவில் ஐந்து. எட்டும் இரண்டும் எதிரெதிரே, கூட்டினால் பத்து. ஆறும் நாலும் எதிரெதிரே, அதுவும் பத்து. தற்செயல்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குச் செல்போன் கொண்டுவந்ததற்கு அபராதம். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சேதிக்காகக் கொண்டுவந்தாள். நான் போய்ச் சண்டை போட்டேன். அபராதத்தை ரத்து செய்துவிட்டு, எனக்கு நூலகப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 30

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பருவ இடைத் தேர்வு. காலை ஒன்பதரையிலிருந்து மூன்று மணி நேரம் பி.காம். அறையில் மேற்பார்வை. போன் கூடாது, புத்தகம் கூடாது, உட்காரக் கூடாது. மேற்பார்வையாளர் உட்கார்ந்தால் பிள்ளைகள் காப்பியடிப்பார்களாம். நின்றாலும்தான் அடிக்கிறார்கள். வினாத்தாளில் இருந்ததை எழுத அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாவம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பொழுது போகாமல் ஒரு வெற்று விடைத்தாளை எடுத்து எண்ணை எழுதினேன். மீதி இருந்த ஒரே ஒரு பெருமைக்கு ஏதாவது வகுத்துப் பார்க்கலாமென்று இடதுபக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் இரண்டு இலக்கம், 38. இரண்டால் வகுபடும். முதல் மூன்று, 381. மூன்றால் வகுத்தால் 127. முதல் நான்கு, 3816. நாலால் வகுபடுகிறது. முதல் ஐந்து, ஐந்தில் முடிகிறது. அதற்குமேல் கொஞ்சம் மெதுவாகப் போனேன். 381654, ஆறால் வகுபடுகிறது.

ஏழில் உடையும் என்று எனக்குத் தெரியும். ஏழு யாருக்கும் பணியாது. 3816547-ஐ ஏழால் வகுத்தேன். 545221. மிச்சம் இல்லை. வகுத்தலில் தப்பு செய்துவிட்டேன் என்று திருப்பிப் பெருக்கினேன். சரியாக வந்தது. எட்டு: 4770684. ஒன்பதைக் கேட்கவே வேண்டாம்.

நான் சத்தமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மொத்த அறையும் நிமிர்ந்து பார்த்தது. முதல் வரிசைப் பையன் தானாகவே பிட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். வேண்டாம், எழுது என்று திருப்பிக் கொடுத்தேன்.

சாப்பிடப் போகவில்லை. கோபம். மூன்றரை லட்சத்துக்கும் மேலான வரிசைகளில் இப்படி ஒன்று இருக்கிறது, அதைப் போய்ச் செங்கல் சூளைக்காரரின் பிறந்தநாளுக்கு மோதிரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். எம்.ஃபில். முடிக்க நான் எத்தனை நாள் பட்டினி கிடந்தேன். என் கையில் எதுவும் இப்படி வந்து விழுந்ததில்லை.

ஆகஸ்ட் 31

ஞாயிறு. தண்ணீர் லாரி வந்தது, நான் குடம் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று பெனினா திட்டினாள். இப்படி வேறு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் இடத்தில் ஐந்துதான் நிற்க முடியும். இரண்டு, நாலு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டை எண்கள்தான். நாலாம் இடத்திலும் எட்டாம் இடத்திலும் இரண்டும் ஆறும் மட்டுமே பொருந்தும். இப்படியே கழித்துக் கழித்து வந்தால் மூன்று லட்சம் போய்ப் பத்தே பத்து மிஞ்சியது. பத்தையும் ஏழிடம் அனுப்பினேன். ஒன்பது செத்தன. ஒன்று பிழைத்தது.

381654729. வேறு கிடையாது.

“சரி, கண்டுபிடிச்சிட்ட. எதுக்குடி அழுற?” என்றாள் பெனினா.

அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நறுக்கத் தொடங்கினேன்.

செப்டம்பர் 3

அறுபதாவது பெருமையைத் தாளாளரிடம் காட்டினேன். ஒவ்வொரு வகுத்தலுக்கும் தொடையைத் தட்டினார். ஏழு வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். விழா மேடையில் பலகை வைத்து எல்லாரும் பார்க்கும்படி இதை நான் போட்டுக் காட்ட வேண்டுமாம். தவமணி எட்டிப் பார்த்து, “எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

புத்தகம் அச்சுக்குப் போகிறது. கருங்கல்லில் மூன்றும் எட்டும் செதுக்கியாயிற்று. பார்த்தேன். அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. எட்டின் கீழ்வட்டம் சின்னதாக இருக்கிறது என்று ஆசாரியிடம் சொன்னேன்.

செப்டம்பர் 8

எண்ணை மாற்றுகிறார்கள்.

தாளாளரின் மச்சினர் வந்து பார்த்துவிட்டு நாலும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்றிருக்கிறார். நாலு ராகு, ஏழு கேது. ஜாதகத்தில் இரண்டும் எப்போதும் எதிரெதிரேதான் இருக்கும், ஒட்டி உட்கார்ந்தால் குடும்பம் விளங்காது என்று சொல்லிவிட்டாராம். தவமணி உடனே விரல்விட்டு எண்ணி, ஏழையும் ஒன்றையும் இடம் மாற்றிவிட்டார். புதிய எண் 387654129.

அச்சாகி வந்த ஆயிரம் புத்தகத்திலும் இரண்டு இலக்கத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். புள்ளியியல் வகுப்பு. நான் எடுத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 9

தாளாளரிடம் போனேன். இடம் மாற்றினால் அறுபதாவது பெருமை பொய்யாகிவிடும் என்றேன்.

“ரெண்டு நம்பருதானேம்மா மாறுது. பாக்கி ஏழும் அப்படியேதான இருக்கு.”

ஏழால் வகுத்தால் மிச்சம் வரும் என்றேன். கேது சும்மா இருந்தால் போதும், ஏழை யார் கேட்டார்கள் என்றார். மேடையில் வேகமாகப் போட்டுவிடு, எவனும் கவனிக்க மாட்டான் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

அறைக்கு வந்து பெனினாவிடம் கத்தினேன். அவள் ஊறவைத்த அரிசியைக் களைந்தபடியே கேட்டாள். முடிவில், “உலகு, உனக்குச் சான்றிதழ் வேணுமா, அந்த நம்பர் வேணுமா?” என்றாள்.

சான்றிதழ். இதிலென்ன சந்தேகம். ஆறு வரை போட்டுவிட்டு, இப்படியே ஒன்பது வரை என்று சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். எனக்கு அந்த எண்ணோடு ஒன்றும் கிடையாது.

செப்டம்பர் 11

ஆசாரி ஒன்றின் மேல் சிமெண்டைப் பூசி ஏழு செதுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கேன்டீன் சாம்பார் அப்படி.

செப்டம்பர் 12

மணிவிழா. பந்தலில் பெற்றோர், மாணவர்கள், சுற்றுவட்டாரத்து எல்லாரும். வராத பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு கிடையாது என்று அறிவித்திருந்தார்கள், அதனால் கூட்டம் நெரிந்தது. மேடையில் தாளாளர், மனைவி, மச்சினர், பொன்னாடையோடு தவமணி. மேசைமேல் பழுப்பு உறை. என் பெயர் எழுதியது. நான் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

பலகையில் 387654129 என்று எழுதினேன். சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது.

முதல் இரண்டு இலக்கம், இரண்டால் போகுமா என்று மைக்கில் கேட்டேன். போகும் என்றது கூட்டம். மூன்று போனது. நாலு போனது. ஐந்துக்கு முன்வரிசைப் பெண்கள் நான் கேட்கும் முன்பே போகும் என்றார்கள். ஆறு, 64609. கைதட்டல். இதோடு நிறுத்த வேண்டும். “இப்படியே ஒன்பது வரை” என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டது. பந்தல் ஓரத்தில் பெனினா கையைத் தாழ்த்தித் தாழ்த்தி, வா, இறங்கு என்று காட்டினாள்.

முன்வரிசையில் ஓர் அம்மா, யாருடைய தாய் என்று தெரியவில்லை, “ஏழு போடுங்க டீச்சர்” என்றார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வெயில் அதிகம். ஏழு போட்டேன். மெதுவாக, ஒவ்வொரு படியாக, கடைசி ஆள் வரைக்கும் தெரியும்படி. 553791. கீழே மிச்சம் 4. அதைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டம் தேவையில்லைதான்.

தாளாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“நாலு நிக்குதேம்மா.”

“நிக்கும் சார்.”

“பழைய நம்பர்ல?”

“நிக்காது.”

அவர் பலகையைப் பார்த்தார், மச்சினரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “போடு” என்றார்.

அழித்துவிட்டு 381654729 எழுதினேன். ஏழுக்கு வந்தபோது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். விசிலடித்தார்கள். எட்டுக்கு எழுந்து நின்றார்கள். ஒன்பதுக்கு யாரோ வெடி கொளுத்திவிட்டார்கள், அது தாளாளர் மாலை போடும்போது கொளுத்த வைத்திருந்தது. தவமணி பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாளாளர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். மைக்கில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ராகு கேது ஆயிரம் சொல்லட்டும். வகுத்தா மிச்சம் நிக்கக் கூடாது. இந்தப் புள்ளைய வெளிய விட்டா நாளைக்கே எதிர்க் காலேஜ்காரன் தூக்கிட்டுப் போயிருவான். இனிமே சாகுற வரைக்கும் இவ நம்ம காலேஜ்தான்.”

மேசைமேல் இருந்த உறையை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 13

தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ‘எண்ணியல் இயக்குநர்’ என்று பலகை. நாற்காலி முதுகில் பூத்துண்டு. சான்றிதழ்களைக் கேட்டு எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு போனேன், அதைப் படிக்காமலே தாளாளர் தன் மனைவியின் கேஸ் இணைப்பு எண்ணைக் கொடுத்து இதன் பெருமை என்ன என்று கேட்டார்.

பெனினா, “அந்த வட்டம் எதுக்குடி போட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 15

கல்லூரிப் பேருந்துகளின் எண்கள். தாளாளர் வீட்டுக் கறவை மாடுகள் மொத்தம் எத்தனை இருந்தால் நல்லது. கேன்டீனில் ஒரு தட்டுக்கு எத்தனை இட்லி. நான்கு என்றிருந்ததை மூன்றாகக் குறைக்கக் கணிதக் காரணம் வேண்டுமாம். ஐந்தாக்கச் சொன்னேன். மையத்தில் நிற்பது ஐந்துதான் என்று காரணமும் சொன்னேன். ஒப்புக்கொண்டார். இந்த மூன்று நாளில் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

சான்றிதழைப் பற்றி வாயெடுத்தாலே, “உன்னைய எப்படிம்மா விடுவேன்?” என்று கண்கலங்குகிறார்.

செப்டம்பர் 17

தவமணி என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முதல்முறையாகக் காலைத் தொங்கவிட்டு.

“நீங்க வந்தப்பொறம் அங்க எனக்கு டீ கூட வர்றதில்ல மேடம்.”

எனக்குக் காபியே வருகிறது என்று சொல்லவில்லை. நான் போக வேண்டும், அவர் இருக்க வேண்டும், இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று அவரே தொடங்கினார். என் பிறந்த தேதியைக் கூட்டித் தாளாளரிடம் பலன் சொல்வாராம். எட்டு வந்தால் சனி. சனி எண் உள்ளவரை நிறுவனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தாளாளர் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

எட்டு என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பொய் சொல்லச் சொல்றீங்களா? இத்தனை வருசத் தொழில்ல நான் ஒரு பொய் சொன்னதில்ல. கூட்டுவேன். எட்டு வந்தா உங்க அதிர்ஷ்டம். வேற வந்தா மன்னிச்சுக்கங்க.”

இந்த ஆள் நிஜமாகவே நம்புகிறார். இத்தனை நாள் மோசடிக்காரர் என்று நினைத்திருந்தேன். அதைவிட மோசம்.

அவர் போனதும் கூட்டிப் பார்த்தேன். 12-7-1997. முப்பத்தாறு. மூன்றும் ஆறும் ஒன்பது. வளைவில் இருக்கும் எண்ணைக் கூட்டினாலும் ஒன்பது. இது தெரிந்தால் தாளாளர் என்னையும் கருங்கல்லில் பதித்துவிடுவார்.

தேதியை மாற்றிச் சொல்லவும் முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அவர் கைப்பைக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 18

அம்மா போன் செய்தாள். சென்னைக்கு எந்த ரயில் என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 20

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

பத்து மணிக்குத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தவமணி சோபாவில் இருந்தார். தாளாளர் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு தேதியை வாசித்தார். தவமணி கண்ணை மூடிக்கொண்டு கூட்டினார். ஒன்றும் இரண்டும் மூன்று. ஏழு, பத்து. ஒன்று, பதினொன்று. ஒன்பது, இருபது. இன்னோர் ஒன்பது, இருபத்தொன்பது. முடிந்தது என்று நினைத்தேன். ரயில், சென்னை, எல்லாம்.

“இருபத்தொம்பதும் ஏழும் முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு” என்றார் தவமணி. கண்ணைத் திறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சனி.”

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே முப்பத்தைந்து என்றுதான் நினைத்தார்.

தாளாளர் சான்றிதழைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டார். ஆனாலும் என்னை விட மனசு வரவில்லை. சான்றிதழை என் பக்கம் திருப்பி, “கணக்கு சரியாம்மா? நீயே சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்” என்றார்.

அறுபது பெருமைகள் எழுதினேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆயிரம் பேர் முன்னால் வகுத்துக் காட்டினேன், மிச்சத்தை மறைக்கவில்லை. அதற்கெல்லாம் கிடைத்தது பூத்துண்டு. உள்ளங்கையில் விரல் தானாகவே கூட்டிக்கொண்டிருந்தது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“சரிதான் சார்” என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். எமகண்டத்துக்கு முன் நான் வளாகத்தைத் தாண்டிவிட வேண்டும் என்றார்கள். தாளாளர் உறையைக் கையால் தரவில்லை. மேசையில் வைத்து அடிக்கோலால் என் பக்கம் தள்ளினார். சாகும் வரை இங்கேதான் என்று கையைப் பிடித்துத் தூக்கியவர், எட்டு நாளைக்கு முன்பு. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. உறையை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

வளைவைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்திய ஏழு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் தவமணி நின்றிருந்தார். அவரும் மதுரைக்கு. நல்லபடியாகப் போய்வாருங்கள், சனி நல்லவன், சோதித்துவிட்டுக் கொடுப்பான் என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் இருந்தேன். இரண்டு நிமிடம் இருந்தேன்.

“சார், இருபத்தொன்பதும் ஏழும் முப்பத்தாறு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். விரலை மடக்கி எண்ணினார். மோதிரங்கள் இடித்துக்கொண்டன. மறுபடி எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

“ஒம்போது. அப்ப நீங்க அங்கதான் இருந்திருக்கணும்.”

பரவாயில்லை என்றேன். அவருக்குப் பரவாயில்லை என்று படவில்லை. தப்பான பலன் சொன்னால் ஏழு தலைமுறைக்குப் பாவம், ஓர் எட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். நான் அவருடைய ஜோல்னாப் பையைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சாங்கம் உள்ளே இருந்ததால் அவரும் விடவில்லை. பொரிகடலை விற்பவர் எங்களைப் பார்த்து, அப்பாவும் மகளும் வீட்டில் போய்ச் சண்டை போடுங்கள் என்றார். பஸ் வந்தது. பையை உள்ளே வீசினேன். பின்னாலேயே அவரும் ஏறினார். இரண்டு மதுரை வாங்கினேன்.

காரியாபட்டி வரை, இறங்கி போன் பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 22-ஆம் தேதி சாயங்காலம் பண்ணுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். யோசித்துவிட்டு, ரெண்டு நாள் தாமதத்துக்குப் பரிகாரம் இருக்கு என்றார். இப்போது ஜன்னலில் தலையை வைத்துத் தூங்குகிறார்.

நடந்ததையெல்லாம் பெனினாவுக்குச் சேதி அனுப்பியிருந்தேன், பதில் வந்தது. உறை கிடைத்ததற்குச் சந்தோஷமாம். கீழே இன்னொரு வரி, ‘3-11-1995. அவரை எனக்கும் தப்பாக் கூட்டச் சொல்லு.’

இனிமேல் தப்பாகக் கூட்ட மாட்டார். நான்தான் விரலை மடக்க வைத்துவிட்டேன். அதனால் நானே கூட்டினேன். இருபத்தொன்பது, பதினொன்று, இரண்டு. திரும்பக் கூட்டினேன். இரண்டுதான். இரண்டு சந்திரன்.

சந்திரன் கெட்டவனா என்று எனக்குத் தெரியாது. தவமணியை எழுப்ப வேண்டும். இரண்டாம் எண்காரர்களை ஒரு கல்லூரியில் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்க வேண்டும்.